வலது கால்

வாடிப்பட்டி தாண்டுவதற்குள் கால் சொல்லிவிட்டது
இனி ஆகாதென்று.
பஞ்சர் கடை வாசலில்
ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த லாரி டயர்களில் உட்கார்ந்தேன்.
கூட வந்த பச்சை வேட்டிகள்
திரும்பிப் பார்த்தபடியே போனார்கள்,
பிறகு பார்க்காமல் போனார்கள்.

கொப்புளம் வலது பாதத்தில்,
பெருவிரலுக்குக் கீழே மேட்டில்.
இருபத்தாறு வருஷம் ஆக்சிலேட்டரை மிதித்த
அதே இடம்.
மருத்துவ முகாமிலிருந்து வந்த மெட்டில்டா
ஊசியில் நூல் கோத்து
ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் எடுத்து
நூலை உள்ளேயே விட்டு நறுக்கினாள்.
"தண்ணி நூல் வழியா வடிஞ்சுரும்.
நாளைக்குக் காலைல வரைக்கும் நடக்கக் கூடாது.
என்ன வேல பாத்தீங்க?"
பஸ் டிரைவர் என்றேன்.
சிரிப்பை அடக்கிக்கொண்டு
பஞ்சு டப்பாவை மூடினாள்.

இந்த ரோடு எனக்குப் பாடம் என்றுதான் நினைத்திருந்தேன்.
ஆரப்பாளையத்தில் எடுத்தால்
மூன்று மணி நேரத்தில் பழனி.
சமயநல்லூர் என்றால் ஒரு பிரேக்.
சிறுமலை என்றால்
வலப்பக்கம் கூடவே வந்து
ஒரு கட்டத்தில் காணாமல் போகிற நீலம்.
நகரிக்கு முன்னால் ரோடு ஏறுகிறது என்பது
நேற்று ராத்திரிதான் தெரியும்.
கியர் மாற்றத் தேவையில்லாத ஏற்றம் அது.
முழங்காலுக்கு மட்டும் தெரியும்.

வேண்டுதல் என்ன என்று
வழியில் எல்லாரும் கேட்டார்கள்.
மகள் கல்யாணம் என்றேன் ஒருவரிடம்,
சர்க்கரை என்றேன் இன்னொருவரிடம்.

ஒரு தை மாதம், காலை நாலே முக்கால்,
பனி.
ஓரத்தில் நடந்த ஒருவரின் கைத்தடி
பஸ்ஸின் பின்பக்கத் தகரத்தில் உரசியது.
கண்ணாடியில் பார்த்தேன்,
நின்றுகொண்டுதான் இருந்தார்.
நின்றுகொண்டுதான் இருந்தார் என்று
பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
வண்டியை நிறுத்தவில்லை.
ஏற்கெனவே எட்டு நிமிஷம் தாமதம்.

எட்டு நிமிஷம்.
இன்று ஒரு பகலையே
டயர்மேல் வைத்துக்கொண்டு
என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறேன்.
சுக்குக் காபி குடித்தேன்.
உட்கார்ந்தபடியே தூங்கி
வாய் திறந்திருந்ததைக் கண்டு விழித்தேன்.
கரும்பு லாரி ஒன்று சிந்திவிட்டுப் போன துண்டை
ஒரு ஆடு எடுத்துக்கொண்டு ஓடியது.
இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை
ஒரு பஸ் வந்து
பழனி பழனி பழனி என்று கூப்பிட்டது.
பக்தியில்லாத குரல். ஆனால்
அவ்வளவு தெளிவாக இதுவரை யாரும்
என்னை அங்கே கூப்பிட்டதில்லை.

நாலரை வண்டியில் ஒச்சப்பன்.
என்னோடு ஒன்பது வருஷம் விசில் அடித்தவன்.
"அண்ணே! என்னண்ணே இங்க?
ஏறுங்கண்ணே, சாமியா வந்து டிக்கெட் கேக்கப் போறாரு?
ஒட்டன்சத்திரத்துல இறக்கிவிடுறேன்,
அங்கருந்து நடங்க, யாருக்குத் தெரியும்?"

பொய் சொல்ல மாட்டேன்,
ஒரு கையை டயரில் ஊன்றிவிட்டேன்.

ஓட்டியவன் புதுப் பையன்.
நிறுத்தியும் நிறுத்தாமல்
வண்டியை உறுமவிட்டுக்கொண்டிருந்தான்.
அந்த உறுமல் எனக்குத் தெரியும்.
"எத்தன நிமிஷம் லேட்டு?"
"ஆறுண்ணே."
"நீ போ. ஓரத்துல ஆளுக நடக்குறாக,
பாத்துப் போகச் சொல்லு."
ஒச்சப்பன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.
இரட்டை விசில்.

வளைவுக்கு முன்னால் வரிசையாக முதுகுகள்,
பைகளில் ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கர்கள்.
பஸ் வேகம் எடுத்தது.
என் வலது கால், என்னைக் கேட்காமல்,
மண்ணை அழுத்தியது.
நூல் கிடந்த இடம் சுரீரென்றது.
தூரத்தில்
பிரேக் விளக்கு எரிந்தது.

"அண்ணே, கொஞ்சம் எந்திரிங்க"
என்றார் பஞ்சர் கடைக்காரர்,
"அடியில இருக்குறது கஸ்டமர் டயரு."