பாக்கி முனை

தடைக்காலம் முடிய ஒன்பது நாள்.
கடலூர் முதுநகர், துறைமுகம் போகிற ரோட்டில்
என் கடைசல் பட்டறை வாசலில்
பதினான்கு போட் ஷாஃப்ட் படுத்திருக்கிறது,
வாலில் சாக்பீஸ் நம்பரோடு.

ஹபீப் மரைக்காயர் பையைத் திறந்து
இரண்டு இன்சர்ட்டை மேசையில் வைத்தான்.
ஒன்று தங்க நிறம், நானூற்றி இருபது.
இன்னொன்றும் தங்க நிறம்தான், எண்பத்தைந்து.
"பார்க்க ஒண்ணாத்தானே இருக்கு?"
"ஓட விட்டுப் பாரு."

ஓட விட்டேன்.

எண்பத்தைந்து, முதல் ஷாஃப்ட்டின் பாதியில் கிறீச்சிட்டது.
சுருள் நீலமாகிக் கறுத்து என் காலைச் சுற்றியது.
முனையைத் திருப்பி வைத்தேன்.
திருப்பிய இடத்தில் நகம் தட்டுகிற அளவுக்கு ஒரு படி;
அதைத் தேய்த்து எடுக்க முக்கால் மணி.
நானூற்றி இருபது
ஒரே முனையில் மூன்று ஷாஃப்ட் ஓடியும்
மோர் குடித்தவன் மாதிரி இருந்தது.

தில்லைக்கரசி சலான் முதுகில் கணக்குப் போட்டாள்.
முனை நாலு, ஷாஃப்ட் மூன்று,
கரண்ட், என் கூலி,
அவள் கூலி என்று எழுதி, அடித்துவிட்டாள்.
விலை கூடினதுதான் மலிவு என்று வந்தது.
நம்பாமல் இன்னொரு தடவை கூட்டினோம்.

ஐந்தாவது, பூராசாமியுடையது.
தேய்ந்த இடமெல்லாம் வெல்டிங் வைத்து ஏற்றி
மேடும் பள்ளமுமாய், நடுநடுவே கல் மாதிரிக் கட்டி.
புது முனை வைத்தேன். தங்கம் தொட்டது.
டப்.
மூக்கு உடைந்து எங்கோ தகரத்தில் பட்டது.
நூற்றைந்து ரூபாய், அரைச் சுற்று.

டிராயரில் துருவோடு கிடந்த ஹைஸ்பீடு பிட்டை
சாணையில் பிடித்தேன். நெற்றிவரை பொறி.
வேகத்தைப் பாதியாக்கி, எண்ணெய் ஊற்றி ஊற்றி,
மீன் முள் எடுக்கிற பொறுமையில்
அது அந்த மேட்டையெல்லாம் தின்று தீர்த்தது.
என்ன விலைக்கு வாங்கினேன்? ஞாபகமில்லை.
தில்லைக்கரசி சலானைத் திருப்பிப் பார்த்தாள்;
எழுத இடமில்லை.

சாயங்காலம் பூராசாமி வந்து
ஷாஃப்ட்டைக் கண் மூடித் தடவினார்.
"பாண்டியில சிஎன்சிக்காரன் ஏழாயிரம் கேட்டான்.
நீ இருக்கியேன்னுதான் இங்க தூக்கியாந்தேன்"
என்றார், உண்மையான அன்போடு.
ரெண்டாயிரத்து இருநூறில்
நூறு குறைத்துக் கொடுத்தார்.

பணத்தை எண்ணி வைத்துவிட்டு
குப்பையில் போட்டிருந்த எண்பத்தைந்தை
திரும்ப எடுத்து வேட்டியில் துடைத்தேன்.
ரெண்டு முனை பாக்கி.
நாளைக்கு முரட்டு வெட்டுக்கு ஆகும்,
ரொம்ப விரட்டாமல் இருந்தால்.