தலையாட்டல்

சோபியா நகரின் ஓரம், வித்தோஷா மலையடிவாரம்.
ஆகஸ்ட் பதினொன்று. நிழலில் முப்பத்தொன்பது டிகிரி.
லாரியிலிருந்து பனியை இறக்கினார்கள்:
மூட்டை மூட்டையாகக் காகிதத்தூள், நான்கு டன்.
ஓரங்களுக்கு உப்பு.

எனக்கு வானிலை ஆலோசகர் வேலை.
நாள் கூலி, மதியச் சாப்பாடு உண்டு.
இயக்குநர் கடல் தாண்டி வந்தவர், நல்ல மனிதர்,
லைட் தூக்குகிறவர்களுக்கும் தர்பூசணி வாங்கித் தருவார்.
என் முன்னால் கதையை விரித்து விரலால் தட்டினார்:
வானத்தின் மேல்தட்டிலிருந்து ஒரு குளிர்
கயிறறுந்த வாளிபோல் விழுகிறது,
மூன்று விநாடியில் ஊரே விறைக்கிறது.
"நடக்கும்தானே?"

தலையை மேலும் கீழும் ஆட்டினேன்.
எங்கள் நாட்டில் அதற்கு இல்லை என்று பொருள்.
பக்கவாட்டில் ஆட்டினால்தான் ஆமாம்.
அவர் என் கையைக் குலுக்கி
நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

பதினான்கு பக்கம் எழுதியும் கொடுத்தேன்.
இறங்கும் காற்று நசுங்கும். நசுங்கினால் சூடேறும்,
கிலோமீட்டருக்குப் பத்து டிகிரி.
சைக்கிள் பம்பின் அடியில் விரல் வைத்த எந்தப் பையனும் சொல்வான்.
பத்து கிலோமீட்டர் உயரத்தில்
மைனஸ் ஐம்பத்தைந்தில் கிளம்பினாலும்
தரைக்கு வந்து சேரும்போது நாற்பதைத் தாண்டியிருக்கும்.
என் பதினான்கு பக்கத்தையும் அரைத்து
மூட்டையில் சேர்த்தார்களோ என்னவோ.

காற்று உண்மையில் இறங்கிக்கொண்டுதான் இருந்தது.
உயர் அழுத்தம் ஒன்பது நாளாகப்
பானைமேல் மூடிபோல் எங்கள்மேல் உட்கார்ந்திருந்தது.
இடி இல்லை, சுழல் இல்லை,
கேமராவைத் திருப்ப ஒரு திசைகூட இல்லை.
நீல வானம். சாத்திய ஜன்னல்கள்.
எங்கள் தெருவில் மட்டும் அந்த வாரம்
மூன்று வாசற்கதவுகளில் புதிய இரங்கல் தாள் ஒட்டியிருந்தது.

துணைநடிகர்கள் இருநூறு பேர், ஆட்டுத்தோல் கோட்டில்.
முப்பத்தோராம் எண் பிணம் ராங்கெல்,
டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவர்,
பேத்தியின் பல்லுக்குக் கம்பி கட்டப் பணம் வேண்டியிருந்தது.
பன்னிரண்டு எண்ணி விழச் சொல்லியிருந்தார்கள்.
ஏழிலேயே விழுந்தார்.
முழங்கால் முதலில், பிறகு தோள்,
காகிதப் பனி புகைபோல் எழுந்து அடங்கியது.
கைதட்டினார்கள்.

ஒப்பனைக்காரி கின்காதான் முதலில் ஓடினாள்.
"புருவத்து மெழுகு ஒழுகுதய்யா, ஆள் கொதிக்கிறார்!"
அந்த வளாகத்தில் மெய்யான பனிக்கட்டி
பீர்ப்பெட்டியில் மட்டும்தான் இருந்தது.
அதை அப்படியே அவர் அக்குளிலும் கழுத்திலும் கொட்டினோம்.
ஆம்புலன்ஸ்காரர் எண்ணைப் படித்தார்:
நாற்பது புள்ளி ஆறு.
நான் வழக்கம்போல் குறித்துக்கொண்டேன்,
எந்த நிலையத்தின் பதிவேட்டில் சேர்ப்பது என்று தெரியாமல்.

ஜனவரியில் படம் வந்தது.
ராங்கெலும் நானும் போனோம்.
வெளியே பதினைந்து டிகிரி, தூறல்.
மலையில் பனிச்சறுக்கு நாற்காலிகள்
சேற்றுக்கு மேலே சும்மா தொங்கின.
உள்ளே ஜனங்கள் திரையின் குளிருக்குத் தோள் குறுக்கினார்கள்.

அவருடைய சாவு ஒன்பது விநாடி.
விழும் முகத்தில் நெற்றியிலிருந்து ஒரு துளி புறப்படுகிறது;
எனக்குத் தெரியும், அது வியர்வை.
மூக்கைத் தொடுவதற்குள் அதைக்
கணினியில் யாரோ பொறுமையாக உறைய வைத்திருந்தார்கள்,
உள்ளே ஒரு காற்றுக்குமிழிகூட வைத்து.

ராங்கெல் சூரியகாந்தி விதை கொறிப்பதை நிறுத்தவில்லை.
"செத்தால் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்றார்.

கடைசியில் பெயர்கள் ஓடின.
அறிவியல் சரிபார்ப்பு: என் பெயர், ஓர் எழுத்து பிழையாக.
விளக்குப் போடுவதற்குள் அவர் என் பக்கம் சாய்ந்தார்.
"இப்படி நடக்குமா, அம்மா?"

மேலும் கீழும் ஆட்டினேன்.
அவர் புரிந்துகொண்டார்.
கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.