பதின்மூன்று துளைகள்

வங்கி என்னை அனுப்பிய இடம்
கென்டக்கி மலைமடிப்பில் ஒரு செடார் மர வீடு.
படிவத்தில் 'பூச்சிச் சேதம்' கட்டம் காலி.
முகப்பு உத்தரத்தை எண்ணினேன்: பதின்மூன்று.
சுண்டுவிரல் முதல் கணு வரை போயிற்று.
துறப்பணம் போட்டாலும் இவ்வளவு வட்டம் வராது.

ஓர்ஃபா ஸ்டிட்ஹம் எழுந்திருக்கவில்லை.
சனிக்கிழமை சாவியைக் கொடுக்க வேண்டியவள்
சோடா மூடியொன்றை வெளியே சுண்டினாள்.
அந்தரத்தில் நின்றிருந்த ஆண்வண்டு
அதைத் துரத்திப் பாய்ந்து,
மூடி விழுந்ததும் அசடு வழியத் திரும்பி
என் மூக்குக்கு நேரே நின்றது.
நெற்றிக்குக் கீழே வெள்ளையாய் ஒரு திட்டு.
"பயப்படாதே, அவனுக்குக் கொடுக்கே கிடையாது.
சத்தம் மட்டும்தான். என் வக்கீலைப் போல."

பெண்ணுக்கு முகம் முழுக்கக் கரி.
தோளில் மஞ்சள் ரோமச் சால்வை.
வயிறோ மழித்த மொட்டை; அந்தப் பளபளப்பில்
கூரை விளிம்பும் நானும் வளைந்து தெரிந்தோம்.

ஏலத்தில் எடுத்த ஸ்டெதாஸ்கோப்பை
உத்தரத்தில் வைத்தேன்.
கரகர. கரகர. நிறுத்தம்.
கரகர.
ஓர் அங்குலம் நேரே குடைந்து, சட்டென்று திரும்பி
மர ரேகையோடு போகிறாள்.
தின்பதில்லை, துப்புகிறாள்.
மகரந்த உருண்டை ஒன்று, அதன்மேல்
நீள அரிசி போல் ஒரு முட்டை,
துப்பிய தூளையே எச்சிலில் குழைத்து ஒரு சுவர்.
மறுபடி உருண்டை. மறுபடி சுவர்.
ஆறு அறையோ ஏழோ.

"நான் வாழ வருமுன்பே இருக்கிறார்கள்.
தாய் குடைந்ததை மகள் நீட்டுவாள்.
பத்திரம் கேட்டு யாரும் வந்ததில்லை"
என்றாள் ஓர்ஃபா.
பிறகு, யாரிடமோ போல:
"முதல் வருஷம் நானும் அடைத்துப் பார்த்தேன்.
பக்கத்திலேயே வாசல் வைத்தாள்."

வேலை வேலைதான்.
பொடி பீய்ச்சினேன். மக்கு வைத்து அடைத்தேன்.
பதின்மூன்றாவதைத் தேய்த்துச் சமன் செய்கையில்
கால் நிறைய மகரந்தத்தோடு ஒருத்தி வந்து
வாசல் இருந்த இடத்தைத் தலையால் முட்டினாள்.
தள்ளிப் பறந்தாள்.
அதே இடத்தில், மயிரிழை பிசகாமல்,
திரும்பவும் முட்டினாள்.
ஓர்ஃபா மூடி சுண்டுவதை நிறுத்தியிருந்தாள்.

படிவத்தை முழங்காலில் வைத்து நாள் எழுதினேன்.
மே பதினேழு.
துளைகள்: பதின்மூன்று. அடைத்தவை: பதின்மூன்று.
கையெழுத்துக் கோட்டின் மேல்
செம்மஞ்சளாய்க் கொஞ்சம் தூள் விழுந்தது.
நிமிர்ந்து பார்க்கவில்லை.
ஊதிவிட்டுக் கையெழுத்திட்டேன்.