மஞ்சள்கரு

ரிப்போர்ட் மூணு மணிக்குத்தான் என்றார்கள்
தக்கலை லேபில்.
ரத்தம் கொடுத்த கையை மடக்கிப் பிடித்தபடியே
ரோஸ்லெட் கேட்டாள்:
"அதுவரைக்கும் எங்க போயிருக்க?"

முப்பது வருடமாக
பஸ் ஜன்னலில் கடந்துபோன அம்புக்குறி,
பத்மநாபபுரம் அரண்மனை.
திங்களாக இருந்தால் பூட்டியிருக்கும்.
புதனாக இருந்தது.

செருப்பை வாங்கிக்கொண்டு டோக்கன் தந்தார்கள்.
லேப் டோக்கனும் அதுவும்
ஒரே பையில் உரசிக் கிடந்தன,
நாற்பத்தேழும் நூற்றிப் பன்னிரண்டும்.

தலை குனியாமல் எந்த வாசலும் விடவில்லை.
ராஜா எப்படித்தான் நிமிர்ந்து நடந்தாரோ.
மரப்படியில் அவளுக்கு மூச்சு வாங்க
கட்டில் அறையில் நின்றோம்.
அறுபத்துநாலு மூலிகை மரமாம்,
படுத்தால் நோய் அண்டாதாம்,
நீலச்சேலைப் பணிப்பெண் சொன்னாள்.
குறுக்கே கயிறு கட்டியிருந்தது.
யாரும் கவனிக்காதபோது
அந்தக் கயிற்றைத் தொட்டேன்.

அவளைப் பிடித்து நிறுத்தியது தரைதான்.
பழங்கிணற்றுத் தண்ணீர் போல
முகம் காட்டும் கறுப்பு.
சிரட்டைக் கரி, சுண்ணாம்பு,
முட்டையின் வெள்ளைக்கரு
சேர்த்துத் தேய்த்தது என்று
ஒப்பித்து முடித்தாள் பணிப்பெண்.

"அப்போ மஞ்சக்கரு?"
என்றாள் ரோஸ்லெட்.

பதினோரு வருஷத்தில்
ஒருத்தரும் கேட்டதில்லையாம்.
சிரித்துவிட்டு,
அடுத்த கூட்டத்துக்கு முதலிலிருந்து தொடங்கினாள்.

அதன்பிறகு ஊட்டுபுரையின் நீளத்தையோ
அம்பாரி முகப்பையோ
அவள் பார்த்ததாகத் தெரியவில்லை.
குலசேகரம் பள்ளிக்கூடத்துச் சத்துணவில்
இருபத்திரண்டு வருடம் முட்டை அவித்தவள்.
ஒரு முட்டை குறைந்தாலும்
நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டவள்.
எத்தனை ஆயிரம் உடைச்சிருப்பாவ,
மஞ்சளை எந்தப் பானையில ஊத்தினாவ,
கல்லு சுமந்த பொம்பளைகளுக்குக் கொடுத்தாவளா,
ஈ மொய்க்கக் கொட்டினாவளா,
நடந்துகொண்டே என்னிடம் கேட்டாள்.
கொத்தனார் நான்.
சிமெண்டு கணக்கு மட்டும் தெரியும்.

மணிக்கூண்டு அடித்தது. எண்ணத் தவறிவிட்டேன்.

மூணு மணிக்கு உறை கிடைத்தது.
உள்ளே எண்கள்.
இரண்டின் பக்கத்தில் நட்சத்திரக் குறி.
டாக்டர் வெள்ளிக்கிழமைதான் வருவார்.

பஸ்ஸில் உறையை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள்.
வேளிமலை மேல் மழை இருட்டிக்கொண்டு வந்தது.
"பிள்ளையளுக்குத்தான் கொடுத்திருப்பாவ"
என்றாள், கொஞ்சம் சத்தமாகவே.
முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

யாருடைய பிள்ளைகள் என்று
நான் கேட்கவில்லை.
கண்டக்டர் வந்துகொண்டிருந்தார்,
சில்லறை தேடினேன்.