பால் என்ற கட்டம்

ஸ்ரான்லி வீதியில், ரயர்க் கடைக்கு மேலே,
கரண்ட் நின்று வந்த மத்தியானம்
நெருப்புக் கக்கும் பறவைநாகங்களுக்குப்
பால் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

"பெட்டைக்குக் கொஞ்சம் இமைமயிர் போடுங்கோ அக்கா,
இடுப்பை ஒடுக்குங்கோ" என்கிறான் துவாரகன்.
விளையாடுகிறவர்களுக்கு விளங்க வேணுமாம்.

இமையே இல்லாத பிராணியடா அது.

விடியக் குருநகரில் நண்டு வாங்கி
மல்லாத்திப் பார்த்தேன்.
ஆணின் வயிற்றில் ஒடுங்கிய கோபுரம்,
பெண்ணுக்கு அகன்ற மூடி, அதை மீறி முட்டை.
நீலமெல்லாம் ஆணின் காலில்.
விற்றவள் சொன்னாள்:
"நீலம் கறிக்குள்ள நிக்காது பிள்ளை,
பாரம் பாத்து எடு."

ஆகவே என் கடலினத்தில்
ஆண் ஒரு சாண். மயில்துத்த நீலம்.
நெருப்பில்லை, பாடும், அவ்வளவுதான்.
பெண் மண்டைதீவளவு, சேற்று நிறம்.
அவள் புரண்டால் பண்ணைப் பாலத்தில் பஸ் நிற்கும்;
மூச்சுவிட்ட இடத்தில் உப்பு விளையும்.

துவாரகன் கனநேரம் பார்த்தான்.
"இதில ஆர் ஆம்பிளை?"
அவள் கழுத்துச் செதிலிடுக்கில்
நித்திரை கொள்கிறவனைப் பெருப்பித்துக் காட்டினேன்.
அவன் சிரிக்கவில்லை.
"எங்கட வீட்டிலயும் இப்பிடித்தான்" என்றுவிட்டுத்
தேத்தண்ணி வாங்கப் போனான்.

இன்னொரு இனம் இருக்கிறது, முடியவில்லை.
பனையைப் போல,
பாளை தள்ளும் மட்டும் ஆணா பெண்ணா தெரியாது.
பன்னிரண்டு வருசம்
சும்மா பறக்கும்.

படிவத்தில் அந்தக் கட்டம் சிவப்பாய் மின்னுகிறது.
நிரப்பாமல் சேமிக்க
விடுகுதில்லை.