ரொட்டிக்காரனும் வாத்தும்

ஏலத்துக்கு இரண்டு நாள் இருக்கிறது.
பென்சில்வேனியா, மார்ச் மாதம்,
ஜன்னலுக்கு வெளியே அழுக்கேறிய பனி.
என் மேசைமேல்
வார்ப்பிரும்பு உண்டியல் ஒன்று:
நூற்று முப்பது வயது, தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும்.

ரொட்டிக்காரன் நீட்டிய துடுப்பில் காசை வைத்து
விசையை அழுத்தினால்
குனிந்து அடுப்புக்குள் தள்ளுவான்.
அவன் முதுகுக்குப் பின்னால் வாத்து
கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கும்.
அவ்வளவுதான்.
ஒரு சென்டுக்கு ஒரு நாடகம்.

சேமி, சேமி என்று
சொல்லிச் சொல்லி வாய் வலித்த காலத்தில்
எவனோ கண்டுகொண்டிருக்கிறான்,
பிள்ளைகளுக்குப் புத்திமதி வேண்டாம், வேடிக்கை போதுமென்று.
உடனே கரடியும் கழுதையும்
தொப்பி வைத்த தவளையும்
காசு விழுங்கக் கற்றுக்கொண்டன.
(சிலவற்றை நான் துடைப்பதில்லை:
கறுப்பு மனிதர்களின் முகத்தைக் கேலியாக வார்த்தவை.
அவற்றுக்கும் கை உயர்த்துகிறார்கள்.)

குலுக்கிப் பார்த்தேன்.
வெள்ளி சிணுங்கும், செம்பு முனகும்,
பதினாறு வருடமாகக் கேட்கிறேன்.
இது இரண்டுமில்லை.
பற்கள் உரசுவது போல் ஒரு சத்தம்.

அடியில் ஒற்றைத் திருகு.
அதைச் சுற்றி நகக்கண் அளவு பழைய சிவப்பு.
அது உதிர்ந்தால் ஆயிரம் டாலர் உதிரும்,
காலையில் மட்டும் இரண்டு முறை சொல்லிவிட்டார் ட்ரெக்ஸ்லர்.
எண்ணெய் விட்டு, ஓர் இரவு ஊறவிட்டு,
மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினேன்.

கால்சட்டைப் பொத்தான் நான்கு.
தோலில் வெட்டிய வட்டம், விளிம்பு கோணல்.
தட்டித் தட்டித் தட்டையாக்கிய ஈயத்துண்டு.
ரவிக்கையின் சிப்பிப் பொத்தான் ஒன்று, நூலோடு.
நூல் இன்னும் நீலம்.
காசு, ஒன்றே ஒன்று.

யார் வீட்டுப் பிள்ளையோ.
இந்த வாத்துக்கு இடக்கண் கிடையாது,
உதிர்ந்ததல்ல, அச்சிலேயே விழாமல் போனது.
கழித்துப் போட்ட உருப்படியை
வார்ப்பாலையிலிருந்து எவனாவது
கோட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்திருக்கலாம்.
விலைக்கு வாங்கியிருந்தால்
ஒரு நாள் கூலி போயிருக்கும்.
பொம்மை வந்தது, போடக் காசு வரவில்லை.
அந்த ஒரு சென்ட்டில் ஒரே ஒரு முறை
வாத்து எட்டிப் பார்த்தது.
பிறகு?
அப்பாவின் கால்சட்டை. அம்மாவின் ரவிக்கை.
அடி விழுந்திருக்கும்.
விழுந்த பிறகும் ஈயத்தைத் தட்டியிருக்கிறது அந்தக் கை.

ட்ரெக்ஸ்லர் வந்து பார்த்தார்.
"காசை எடுத்து வை, குப்பையைக் கொட்டு.
பட்டியலில் 'உள்ளே காலி' என்று போட்டாயிற்று."
தலையாட்டினேன்.
அவர் கார் கிளம்பிய பிறகு
எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடினேன்.
மூடியும் மனசு கேட்கவில்லை.
என் சட்டைக்கைப் பொத்தானைப் பிய்த்துத் துடுப்பில் வைத்தேன்.
அது தடிமன்.
அடுப்பு வாயில் சிக்கிக்கொண்டது,
ரொட்டிக்காரன் குனிந்தபடியே நின்றான்,
வாத்து பாதிக் கழுத்தோடு.
மறுபடி எண்ணெய், மறுபடி திருகு,
வீட்டுக்குப் போக மணி பதினொன்று.

ஏலத்தன்று
ஒஹையோவிலிருந்து வந்த ஒருவர் எடுத்தார்.
காதோரம் வைத்துக் குலுக்கி,
"காசு இருக்கிறது" என்றார் மனைவியிடம், சிரித்தபடி.
அவள் கைநீட்டி வாங்கினாள்.
ஒரு முறை குலுக்கினாள்.
சிரிக்கவில்லை.
இன்னொரு முறை, மெதுவாக.