ஸ்கேல் வைத்து அடித்த கோடு

பியோரியா ஊரில் லூத்தரன் தேவாலயத்து நிலவறை.
எட்டு அட்டைப்பெட்டிகள், வாழைப்பழம் வந்தவை.
ஒன்றில் இன்னும் ஈக்வடார் என்று இருக்கிறது.

சாரணர் கௌரவச் சங்கத்துக்கு நூறு வயதாகப் போகிறது,
யாராவது இதையெல்லாம் ஒழுங்குபடுத்த வேண்டும் என்றார்கள்.
அந்த 'யாராவது' கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி
நாற்காலி மடக்கிக்கொண்டிருந்த என்மேல் வந்து உட்கார்ந்தது.

என் மகன் குபேரன் இரண்டு கோடை இருந்துவிட்டு
டிரம்ஸ் பக்கம் போய்விட்டான்.
விலகாதவள் நான். ஏனென்று கேட்காதீர்கள்.
குடிநீர் வாரியத்தில் பாக்கிக் கணக்குப் பார்ப்பவள்;
யார் கிறுக்கினாலும் படித்துவிடுவேன்.

முதல் பெட்டி முழுக்கத் துணிச் சின்னங்கள்.
நாற்பத்தெட்டாம் வருடத்து ஆந்தைக்கு மூன்று கால் தைத்துவிட்டார்கள்.
அது இப்போது நானூறு டாலர் பெறுமாம்.
இரண்டு கால் ஆந்தையைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை.

அடுத்தது தோள்பட்டிகள். வெள்ளையாக இருந்தவை.
வியர்வை, கெட்சப், ஒன்றில் ரத்தமாகக்கூட இருக்கலாம்.
துவைக்கக் கூடாதாம். கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன்.

மூன்றாவதைத் திறக்க டுவெய்ன் கிராஃப் தயங்கினார்.
வான்கோழி இறகுக்குச் சாயம் ஏற்றிய தலை அலங்காரம்.
இந்த ஆற்றங்கரையிலிருந்து விரட்டப்பட்டவர்களைப் போல வேஷம் போட்டு
நெருப்பைச் சுற்றி ஆடியிருக்கிறார்கள், இருபது கோடைகள்.
படங்களில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.
"எரித்துவிடலாமா?" என்றார்.
எரித்தால் நாம் ஆடவே இல்லை என்றாகிவிடும், கிராஃப்.
சீட்டு எழுதி ஒட்டினேன்:
வான்கோழி இறகு. செய்தவர்கள் நாங்கள்.

நாங்கள் என்று எழுதியபின்தான் யோசித்தேன்,
நான் எப்போது சேர்ந்தேன் என்று.

ஐந்தாவதில் கூட்டக் குறிப்பேடுகள்.
சங்கத்தில் இருப்பவர் ஆளைச் சேர்க்க முடியாது;
வெளியே இருக்கும் பையன்கள்தான் வாக்களித்து
தங்களில் ஒருவனை உள்ளே அனுப்ப வேண்டும்.
உத்திரமேரூரில் குடமும் ஓலையும்,
இங்கே காபி டப்பாவும் கிழித்த நோட்டுத் தாளும்.
இந்த ஒரு விதிக்காக எதையும் மன்னிக்கலாம் என்றிருந்தேன்,
பக்கம் நூற்றுப் பன்னிரண்டு வரும்வரை.

ஜூன் 1957. முப்பத்தொன்றாம் குழு.
லூஷியஸ் டார்ப்ளி, வயது பதினான்கு.
இருபத்திரண்டு வாக்கில் பத்தொன்பது.
நீல மைப் பெயரின்மேல் கறுப்பு மைக் கோடு.
காரணம் இல்லை. அடுத்த வரி
முகாமுக்கு வாங்கிய சாசேஜ் விலை.

கோபத்தில் அடித்திருந்தால் கோடு வளைந்திருக்கும்.
இது ஸ்கேல் தேடி எடுத்து, வைத்து, அடித்தது.

தொலைபேசிப் புத்தகத்தில் நான்கு டார்ப்ளிகள்.
மூன்றாவது எண்ணில் அவரே எடுத்தார். எண்பத்திரண்டு வயது.
பின்னால் பேஸ்பால் வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது.
சொன்னேன்.

"பத்தொன்பதா?"

வர்ணனையை நிறுத்தினார்.

"போதிய வாக்கு விழவில்லை என்றுதானே சொன்னார்கள்.
அந்தக் கோடையோடு அந்தப் பையன்களிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன்."

எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை.
வரலாற்றுக் குழு என்று என்னை அறிமுகப்படுத்திக்கொண்டது
காதில் திரும்பத் திரும்பக் கேட்டது.

பட்டி வேண்டுமா, விழாவுக்கு வருகிறீர்களா என்றெல்லாம்
கிராஃப் எழுதித் தந்த கேள்விகளை மடித்து வைத்தேன்.
அவர் கேட்டது ஒன்றுதான்:
யார் யார் அந்தப் பத்தொன்பது பேர்?

காபி டப்பா ஏழாம் பெட்டியில் இருந்தது. திறந்தேன்.
துரு வாசனை.
இருந்திருந்தாலும் வாக்குச் சீட்டில் போட்டவன் பெயர் இருக்காது.

குழுப் பட்டியலை நகலெடுத்து அனுப்பினேன்.
இருபத்திரண்டு பெயர்கள், பாதிக்குமேல் இறந்தவர்கள்.
எந்த மூன்றைக் கழிப்பது என்பது
இனி அவர் பாடு.

நூற்றாண்டு மலருக்கு அந்தப் பக்கம் எதற்கு என்கிறது குழு.
வியாழக்கிழமை கூட்டம்.
படம் எடுத்துவிட்டேன், விளக்கைச் சாய்த்துப் பிடித்து:
கறுப்புக்கு அடியில் நீலம் தெளிவாகத் தெரிகிறது,
டார்ப்ளியின் கடைசி எழுத்து
கோட்டுக்கு வெளியே வால் நீட்டியிருப்பதும்.